கம்ப்யூட்டர் ஃபேனை நம்பி ஒரு வால்வு போனது: சூட்டை வெளியேற்ற எது சரி?

அலைவரிசை_அன்பன்:

வணக்கம் நண்பர்களே. ஒப்பாரி வைக்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பழைய சாமான் கடை ஒன்றில் 4சிஎக்ஸ்250பி என்ற ரேடியோ வால்வு (வெற்றிடக் குழாய்), அதற்கான சாக்கெட், பீங்கான் சிம்னி எல்லாம் ஒன்றாகக் கிடைத்தன. 2 மீட்டர் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ பேண்டுக்கு, சிக்னலின் பவரைக் கூட்டும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று கட்டினேன். பிளேட்டுக்கு, அதாவது ஆனோடுக்கு, 2000 வோல்ட். குளிர்விக்க 12 செ.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பெட்டியின் பக்கவாட்டில் பொருத்தினேன். மாட்டும் முன் கையை நீட்டிப் பார்த்தபோது காற்று ஜம்மென்று வந்தது.

முதல் இரண்டு நாள் ராஜா மாதிரி பேசினேன். மூன்றாம் நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். ஃப்யூஸ் போய்விட்டது. புதிது போட்டேன், அதுவும் போனது. வால்வைக் கழற்றிப் பார்த்தால் அடிப்பக்க வளையம் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். ஃபேனின் மேல் நிமிடத்துக்கு 50 கன அடி என்று அச்சடித்திருக்கிறார்கள். வால்வின் டேட்டா ஷீட் கேட்பது வெறும் 6.4 கன அடி. எட்டு மடங்கு காற்று கொடுத்தும் எப்படிப் போனது?

பழைய_டிரான்ஸ்மிட்டர்:

தம்பி, டேட்டா ஷீட்டில் 6.4 என்று போட்டிருக்கும் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தைப் படித்தீர்களா? 0.82 அங்குலம் என்று இருக்கும். நீர்மட்ட அளவில் அழுத்தம். மில்லிமீட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 21.

உங்கள் ஃபேனில் எழுதியிருக்கும் 50 கன அடி, எதிரே ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில் அது தள்ளும் அளவு. இந்த வால்வின் ஆனோடைச் சுற்றியிருக்கும் தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், அந்தச் சந்து வழியாகத்தான் காற்று நுழைந்து போக வேண்டும். அதற்கு முன் சாக்கெட்டின் ஓட்டைகள் வேறு. கம்ப்யூட்டர் ஃபேன் தரும் அழுத்தம் பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான். எதிர்ப்பு வந்தால் இறக்கை சுற்றும், சத்தம் வரும், காற்று மட்டும் உள்ளே போகாது. பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு கொல்லுப்பட்டறைத் துருத்தியின் வேலையைச் செய்யப் பார்த்திருக்கிறீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் அளந்து பாருங்கள். பக்கத்தில் எங்காவது வீடு கட்டினால் மேஸ்திரியிடம் லெவல் டியூப் இருக்கும். அதில் ஒரு முழ நீளம் போதும். யு வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதிக்குக் குங்குமம் கரைத்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையைச் சாக்கெட்டுக்குக் கீழே இருக்கும் மூடிய பெட்டிக்குள் விடுங்கள், மறுமுனை வெளியே திறந்திருக்கட்டும். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அழுத்தம். வால்வு மாட்டியிருக்கும்போது அளக்க வேண்டும். மெயின் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டென்சரைத் தரையோடு ஷார்ட் செய்த பிறகு டியூபைச் செருகுங்கள். ஃபேனுக்கு மட்டும் தனி சப்ளை கொடுத்து அளந்தால் போதும். 2000 வோல்ட் இரண்டாவது வாய்ப்பு தராது.

அலைவரிசை_அன்பன்:

ஐயா, அளந்தேன். 3 மில்லிமீட்டர். அதுவும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால். வெட்கமாக இருக்கிறது.

குழல்_இசை:

நான் ஆடியோ ஆள். என் ஆம்ப்ளிஃபயரில் நான்கு இஎல்34 கண்ணாடி வால்வுகள், ஃபேனே கிடையாது. பன்னிரண்டு வருடமாகப் பாடுகிறது. ஹாம்காரர்கள் எதற்கு இவ்வளவு புயலைக் கிளப்புகிறீர்கள்? வால்வு என்றால் கண்ணாடி வழியாகத் தானே சூட்டை விட்டுவிடும்.

பழைய_டிரான்ஸ்மிட்டர்:

இஎல்34-இன் பிளேட் தாங்குவது 25 வாட். அவர் வால்வு 250 வாட். ஆனால் உருவத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். வித்தியாசம் அங்கேதான்.

வெற்றிடத்துக்குள் இருக்கும் பிளேட்டைத் தொட்டு ஆற்றக் காற்று கிடையாது. ஒளிர்ந்துதான் சூட்டை வெளியே அனுப்ப வேண்டும். அப்படி வீசும் சூடு, தனி வெப்பநிலையின் (கெல்வின் அளவு) நான்காம் அடுக்கில் ஏறும். வெப்பநிலை இரண்டு மடங்கானால் வெளியேறும் சூடு 16 மடங்கு. அதனால்தான் 3-500இசட் மாதிரி கண்ணாடி வால்வுகளில் பிளேட் செக்கச்செவேல் என்று ஒளிர்வது நோயல்ல, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

குழல்_இசை:

மன்னிக்கணும், இதை ஒப்புக்கொள்ள முடியாது. பிளேட் சிவந்தால் வால்வு சாகிறது என்று அர்த்தம். எங்கள் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மலைக்காற்று:

உங்கள் இஎல்34 சிவந்தால் சாகிறதுதான், மின்னோட்டத்தை அடக்கி வைக்கும் பயாஸ் வோல்டேஜ் போயிருக்கும். 3-500இசட் சிவந்தால் வேலை செய்கிறது. இரண்டும் உண்மை. என்னிடம் 3-500இசட் ஒன்று இருக்கிறது, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அதன் வெளிச்சத்தில் லாக் புத்தகம் எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கும் ஃபேன் வேண்டும். பிளேட்டுக்காக அல்ல, அடியில் பின்கள் கண்ணாடிக்குள் நுழையும் இடத்துக்காக. உலோகமும் கண்ணாடியும் ஒட்டியிருக்கும் அந்த முடிச்சு சூட்டில் விரிந்து கீறல் விட்டால் காற்று உள்ளே நுழைந்துவிடும். கதை முடிந்தது.

அன்பன், உங்கள் வால்வில் நிறம் மாறியது எந்த இடம் என்று பாருங்கள். அடி வளையம். ஆனோடு இல்லை. சரிதானே?

அலைவரிசை_அன்பன்:

ஆமாம் அண்ணா, ஆனோடு புத்தம்புதிதாக இருக்கிறது. அடிதான்.

பழைய_டிரான்ஸ்மிட்டர்:

அதைத்தான் கேட்க நினைத்தேன். இந்த வால்வில் ஹீட்டர் மட்டுமே 6 வோல்ட், 2.6 ஆம்பியர். ஏறக்குறைய 16 வாட். பேசாமல் சும்மா இருக்கும்போதும் அந்த 16 வாட் அடிப்பக்கத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஹீட்டர் எரியும்வரை காற்று இருந்தாக வேண்டும். காற்று சாக்கெட் வழியாக நுழைந்து முதலில் அடியை ஆற்றிவிட்டு, அப்புறம் சிம்னி வழியாக ஏறி ஆனோடுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பீங்கான் சிம்னி. பீங்கானும் உலோகமும் சேரும் இடம் 250 டிகிரியைத் தாண்டக் கூடாது.

கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 6.4 கன அடி என்றால் விநாடிக்கு 3 லிட்டர், அதாவது சுமார் மூன்றரை கிராம் காற்று. ஒரு கிராம் காற்று ஒரு டிகிரி சூடேற ஒரு ஜூல். 250-உம் 16-உம் சேர்த்து 266 வாட்டை அந்தக் காற்று சுமந்தால் 75 டிகிரி ஏறும். மே மாதம் அறை 40 டிகிரி என்றால் சிம்னி வாயில் 115. அதில் கை வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். காற்று சூடாக வந்தால் பயப்படாதீர்கள். பவர் போட்டும் காற்று குளுகுளு என்று வந்தால்தான் பயப்பட வேண்டும், அது ஆனோடைத் தொடாமல் வேறு ஏதோ சந்தில் நழுவுகிறது.

மலைக்காற்று:

ஒரு சின்ன இடைச்செருகல். நான் கொடைக்கானலில் இருக்கிறேன். 2100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஃபேன் தள்ளுவது கன அளவு, சூட்டைச் சுமப்பது எடை. குளிர் ஊர்தானே என்று மெத்தனமாக இருந்து நானும் ஒன்றைப் பறிகொடுத்திருக்கிறேன்.

கேபின்_வாசி:

நான் வால்வு ஆள் இல்லை. முப்பது வருடம் தியேட்டர் கேபினில் ஆப்ரேட்டர். கார்பன் ஆர்க் விளக்கில் தொடங்கி செனான் லேம்ப் வரை ஓட்டியிருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அந்த 'முடிச்சு' விஷயம் எங்கள் தொழிலிலும் அப்படியே.

செனான் லேம்ப் பார்க்காதவர்களுக்காக: குவார்ட்ஸ் உருண்டை, இரண்டு பக்கமும் வால். உள்ளே செனான் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போதே சுமார் 10 வளிமண்டல அழுத்தம், எரியும்போது அதைப்போல மூன்று மடங்கு. கையில் வைத்திருப்பது விளக்கு என்று நினைக்கக் கூடாது. முகம் முழுக்க மறைக்கும் கவசம், தோல் கையுறை இல்லாமல் நான் உறையைக் கழற்றியதே இல்லை.

உருண்டை எவ்வளவு சூட்டையும் தாங்கும், குவார்ட்ஸ் அப்படி. தாங்காதது வால். குவார்ட்ஸுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் பாகம் மாலிப்டினம். சீல் சுமார் 230 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்வார்கள். சூடு ஏறி ஏறி 350 டிகிரி பக்கம் போனால் மாலிப்டினம் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து துரு மாதிரி ஊத ஆரம்பிக்கும். ஊதினால் குவார்ட்ஸ் விரியும். 30 அழுத்தம் உள்ளே இருக்கும்போது விரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தியேட்டர், பெயர் வேண்டாம். செகண்ட் ஷோ முடிந்ததும் ஓனர் மேலே வந்து மெயினை இறக்கச் சொல்வார், கரண்ட் பில் ஏறுகிறதாம். லேம்ப் அணைந்த பிறகும் பத்து நிமிடமாவது எக்ஸாஸ்ட் ஓட வேண்டும் என்று எத்தனையோ முறை சொன்னேன். 'விளக்குதான் அணைஞ்சிடுச்சே, காத்து எதுக்கு?' என்பார். மின்சாரம் நின்றாலும் உள்ளே இருக்கும் சூடு நிற்காதே, நடு உருண்டையில் இருந்து வாலுக்கு ஊர்ந்து வரும். ஒருநாள் இடைவேளைக்குப் பிறகு வெடித்தது. வெடிச்சத்தம் ஹாலுக்கே கேட்டது. பின்னால் இருந்த கண்ணாடி மிரர் தூள் தூள். ரீல் ஓடுகிறது, திரை இருட்டு, கீழே விசில். மிரர் விலையில் அந்த ஓனர் எத்தனை மாதம் எக்ஸாஸ்ட் ஓட்டியிருக்கலாம் என்று அவரே பிறகு கணக்குப் போட்டார்.

இன்னொன்று. எல்லாச் சூட்டையும் காற்றடித்துத் தீர்க்க முடியாது. 2 கிலோவாட் லேம்பில் 70, 80 ஆம்பியர் ஓடும். கேபிள் முனையில் ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்து 10 மில்லிஓம் தடை வந்தால் போதும், 70-ஐ 70-ஆல் பெருக்கி 0.01-ஆல் பெருக்குங்கள். 49 வாட். ஒரு சால்டரிங் அயர்னை லேம்பின் வாலில் கட்டிவிட்ட மாதிரி. புதிய ஆப்ரேட்டர்கள் லேம்ப் சீக்கிரம் போனால் புளோயரைக் குறை சொல்வார்கள். நான் முதலில் ஸ்பானரை எடுப்பேன்.

குழல்_இசை:

அப்படியென்றால் எவ்வளவு காற்று அடித்தாலும் நல்லதுதான் என்று வைத்துக்கொள்ளலாமா?

கேபின்_வாசி:

கூடாது சார். செனானிலேயே காற்று அளவுக்கு மேல் போனால் ஆர்க் ஆடும், திரையில் மினுக்கும். ஹாலோஜன் இன்னும் மோசம். சிலைடு போடும் புரொஜெக்டரில் இருக்குமே, அதில் கண்ணாடிச் சுவர் 250 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் டங்ஸ்டன் சுவரில் படியாமல் இழைக்கே திரும்பிப் போகும். ஆர்வக்கோளாறில் நேராகக் கண்ணாடி மேல் காற்றடித்தால் பல்ப் கறுத்துப்போகும். ஆனால் அதன் காலடி, நசுக்கி ஒட்டியிருக்கும் இடம், 350-ஐத் தாண்டக் கூடாது. ஒரே பல்பில் ஓரிடம் சூடாகவே இருக்கணும், அரை அங்குலம் தள்ளி ஆறணும். மாமியார் மருமகள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துச் சமாளிக்கிற கதை.

வடமராட்சி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து. காற்றுக்குப் பதிலாத் தண்ணி விட்டால் இந்தச் சத்தம் எல்லாம் இல்லைத்தானே? ஐயா, நீங்கள் பெரிய டிரான்ஸ்மிட்டர்களோட இருந்தனீங்கள் போல கிடக்கு, அதைக் கொஞ்சம் சொல்லுங்கோவன்.

பழைய_டிரான்ஸ்மிட்டர்:

சொல்கிறேன். இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குள் பிளேட் இருக்கும்வரை சில கிலோவாட்டுக்கு மேல் போவது கஷ்டம். பிளேட்டையே வால்வின் வெளிச்சுவராக்கிவிட்டால் அதை நேரடியாகத் தண்ணீரில் நனைக்கலாம். ஆனால் செம்பும் கண்ணாடியும் சூட்டில் வேறு வேறு அளவில் விரியும், ஒட்டாது. அமெரிக்காவில் ஹவுஸ்கீப்பர் என்று ஒரு பொறியாளர். பெயரே அதுதான். செம்பு விளிம்பைக் கத்திமுனை போல மெலிதாக்கினால் அது வளைந்துகொடுக்கும், கண்ணாடி உடையாது என்று கண்டுபிடித்தார். 1920-களில் பெரிய ஒலிபரப்பு நிலையங்கள் வந்ததற்கு அந்த மெல்லிய விளிம்பு ஒரு முக்கியக் காரணம்.

அதன் உச்சம் ஒஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி அருகே இருந்த டபிள்யூஎல்டபிள்யூ நிலையம். 1934 மே மாதம் 500 கிலோவாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 100 கிலோவாட் தரத்தில் 20 தண்ணீர் வால்வுகள். உள்சுற்றில் காய்ச்சி வடித்த நீர். அது வெப்பமாற்றி வழியாகச் சூட்டை வெளிச்சுற்றிடம் கொடுக்கும். வெளிச்சுற்று நீரைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு குளத்தில் நீரூற்று மாதிரி பீச்சியடித்து ஆற்றினார்கள். வருகிறவர்கள் அழகுக்கு வைத்த நீரூற்று என்று நினைத்திருப்பார்கள். 1939 வரை அந்தச் சக்தியில் ஓடியது.

ஏன் இரண்டு சுற்று? ஆனோடில் பல ஆயிரம் வோல்ட் இருக்கிறது. அதைத் தொட்டு ஓடும் தண்ணீர் குழாய் வழியாகத் தரையில் இருக்கும் பம்புக்கு வருகிறது. சாதாரணத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்திவிடும். அதனால் உப்பு நீக்கிய நீர். அதிலும் கொஞ்சம் கடத்தும் என்பதால், குழாயை வேண்டுமென்றே நீளமாக, சுருள் சுருளாகச் சுற்றிவிடுவார்கள். நீண்ட நீர்த்தம்பமே ஒரு ரெசிஸ்டர். அதையும் மீறிக் கசியும் மின்னோட்டம் குழாயின் உலோக முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதற்கென்று பலிகடாவாக ஒரு உலோகத் துண்டை முன்னால் வைத்துவிடுவோம். மெயின்டனன்ஸில் கழற்றிப் பார்த்தால் பென்சில் முனை மாதிரி கூராகியிருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தொட்டியில் நீர்மட்டம் குறைந்திருக்கிறது. இரவு ஷிஃப்ட்டில் யாரோ ஒரு குடம் போர்வெல் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். கடத்தும் அளவைக் காட்டும் மீட்டர் ஏறி, ஆபத்தில் தானாக நிறுத்தும் இன்டர்லாக் டிரிப் ஆனது, அது தன் கடமையைச் செய்தது. காலை ஒலிபரப்பு நிற்கக் கூடாதே என்று ஒருவர் அந்த இன்டர்லாக்கை ஒரு துண்டு வயரால் கட்டிவிட்டார். அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டோம், நானும் உட்பட. சில வாரம் கழித்து வால்வு போனது. அதைச் சுற்றியிருக்கும் தண்ணீர் ஜாக்கெட்டில் இருந்து எடுத்தபோது செம்பு ஆனோடின் நடுவில் வெள்ளையாக ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி வந்தது. அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல். அரை மில்லிமீட்டர் உப்புப் படலம் செம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே போர்வை போர்த்திவிட்டது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஃப்ளோ மீட்டர் சரியாகக் காட்டியது. அந்த வயர்த்துண்டை நான் இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

வடமராட்சி:

விளங்குது ஐயா. எங்கட கிணத்துத் தண்ணியைக் கேத்திலில ரெண்டு கிழமை கொதிக்க வைச்சால் காணும், அடியில வெள்ளையாச் சுண்ணாம்பு பிடிக்கும். நிலமே சுண்ணாம்புக்கல்தானே. அதுக்குப் பிறகு கேத்தில் கொதிக்க எடுக்கிற நேரமும் கூடும்.

விளக்கைத் தண்ணிக்குள்ள வைக்கலாமோ? சும்மா கேக்கிறன்.

பழைய_டிரான்ஸ்மிட்டர்:

வைத்திருக்கிறார்கள். 1935 வாக்கில் ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் கார்னெலிஸ் பொல் என்பவர் குவார்ட்ஸ் நுண்குழாய்க்குள் பாதரச ஆவி விளக்கு செய்தார். அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். வெளிச்சம் தண்ணீரைத் தாண்டி வந்துவிடும், அகச்சிவப்புச் சூட்டில் பெரும்பங்கைத் தண்ணீர் குடித்துவிடும். கேபின்_வாசிக்குப் பிடிக்கும், ரீல் கருகாது.

சுண்ணாம்பு விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே சரி. கேத்தில் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. தண்ணீரை ஓடவிடாமல் கொதிக்கவே விட்டால்? ஒரு கிலோ தண்ணீர் 20 டிகிரி சூடேறினால் 84 கிலோஜூல் சுமக்கும். அதே ஒரு கிலோ ஆவியானால் 2257. இருபத்தேழு மடங்கு. பம்பே வேண்டாம், ஆவி தானே மேலே போய்க் குளிர்ந்து தானே கீழே இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், தோசைக்கல் அதிகமாகக் காய்ந்தபின் தண்ணீர் தெளித்தால் ஆவியாகாமல் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, அதே கூத்து ஆனோடிலும் நடக்கும். உலோகத்துக்கும் நீருக்கும் நடுவே ஆவிப்படலம் விழுந்து சூடு கடத்தாமல், செம்பு உருகிவிடும். பிரான்ஸில் தாம்சன் ஹூஸ்டன் கம்பெனியில் பெர்தரே என்பவர் 1950-களில் இதற்கு ஒரு வழி கண்டார். ஆனோடின் வெளிப்பக்கம் தடித்த பற்கள். பல்லின் அடி கடும் சூடு, நுனி குளிர்ச்சி. அடியில் படலம் விழுந்தாலும் நுனியில் நல்ல கொதிப்பு நடந்துகொண்டே இருக்கும், மொத்தத்தில் நிலை தவறாது. வேப்போட்ரான் என்று பெயர் வைத்தார்கள். ஐமாக் கம்பெனியின் வால்வுப் பெயர்களிலேயே இது தெரியும்: 4சிஎக்ஸ் என்றால் காற்று, 4சிடபிள்யூ என்றால் தண்ணீர், 4சிவி என்றால் ஆவி.

சின்ன_ஐடியா:

எல்லாவற்றையும் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலில் முக்கிவிட்டால் என்ன? சத்தமும் இல்லை, உப்பும் இல்லை.

சப்ஸ்டேஷன்_சாமி:

தம்பி, விபரீத யோசனை. அந்த ஆயில் சுமார் 140 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் ஆவி விடும். அன்பனின் வால்வு 200-ஐத் தாண்டிப் போகக்கூடியது. ஆயில் கருகும், புகையும், அப்புறம் ஃபயர் சர்வீஸ்.

எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் ஆயில் சரிவரக் காரணம், அங்கே சூடு பெரிய பரப்பில் பரவி மெதுவாக வருகிறது. சூடான எண்ணெய் மேலே ஏறும், ரேடியேட்டர் தகடு வழியாக இறங்கும்போது ஆறும், அடியில் திரும்ப உள்ளே போகும். மோட்டாரே இல்லாத சுற்று. எங்கள் யார்டில் வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்) 65 டிகிரி ஆனால் ஃபேன் தானாக ஓடும். காப்புக் காகிதத்துக்குச் சூடு எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பழைய கணக்கு, காகிதத்துக்கு ஆறேழு டிகிரியே போதும் என்பார்கள்.

ஒரு மெயின்டனன்ஸ் முடிந்து திரும்ப மின்சாரம் கொடுத்த டிரான்ஸ்ஃபார்மர், லோடு பாதிதான், டெம்பரேச்சர் ஏறிக்கொண்டே போனது. ஃபேன் எல்லாம் ஓடுகிறது. ஆளாளுக்கு மீட்டர் தப்பு, சென்சார் தப்பு என்றார்கள். எங்கள் பழைய லைன் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒன்றும் பேசாமல் ரேடியேட்டர் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். மேலே சூடு, கீழே வெதுவெதுப்பு, சரி. அடுத்தது, சரி. நான்காவதில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. மேலேயும் கீழேயும் பச்சைத்தண்ணீர் மாதிரி ஜில். அடியில் எண்ணெய் போகும் குழாயின் வால்வைத் திறக்க மறந்திருந்தார்கள். அதற்கு அடுத்ததும் அப்படியே. ஃபேன் குளிர்ந்த தகட்டைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது.

இருட்டறை:

எண்ணெய் என்றதும் நானும் வருகிறேன். ஸ்கேன் சென்டரில் ரேடியோகிராஃபர். எக்ஸ்ரே டியூபும் எண்ணெய்க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. கொடுக்கும் மின்சாரத்தில் 100-இல் ஒரு பங்குகூட எக்ஸ்ரே ஆவதில்லை, மீதி எல்லாம் சூடு. அதுவும் எலக்ட்ரான்கள் விழும் இடம் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். ஒரே இடத்தில் விழுந்தால் டங்ஸ்டனே உருகும் என்று ஆனோடைத் தட்டாக்கிச் சுழலவிட்டார்கள், 1920-களின் கடைசியிலேயே பிலிப்ஸ் விற்க ஆரம்பித்துவிட்டது. பம்பரம் மாதிரி நிமிடத்துக்கு 3000 முதல் 10000 சுற்று. தட்டு வெற்றிடத்தில் சிவந்து ஒளிர்ந்து சூட்டை விடும், சுற்றியிருக்கும் எண்ணெய் அதை வாங்கிக்கொள்ளும். 3-500இசட் கதைதான், சுழல்கிறது என்பது மட்டும் கூடுதல்.

கூட்டமான நாளில் சிடி மெஷின் 'டியூப் ஆறட்டும், காத்திரு' என்று நிற்கும். வெளியே ஒரு பெரியவர், 'ஏம்மா, ஏசி ரூம்லதானே வெச்சிருக்கீங்க, இன்னுமா சூடு?' என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? வெற்றிடத்துக்குள் ஏசி போகாது தாத்தா என்றேன். சிரித்துவிட்டு, 'ஃபிளாஸ்க்ல காபி மாதிரியா?' என்றார். அதைவிட நன்றாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

சின்ன_ஐடியா:

அக்கா, அந்தத் தாத்தாவை இந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள். சரி, ஹைட்ரஜன்? பவர் ஹவுஸில் ஜெனரேட்டருக்கு அதைத்தானே விடுகிறார்கள்?

சப்ஸ்டேஷன்_சாமி:

அங்கே சரி. 210 மெகாவாட் ஜெனரேட்டர்களில் ரோட்டரைச் சுற்றி ஹைட்ரஜன், அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் கம்பிக்குள் தண்ணீர். காற்றைவிட 14 மடங்கு லேசு என்பதால் 3000 சுற்றில் சுழலும் ரோட்டருக்கு உராய்வு குறைவு, சூடு கடத்துவதோ ஏழு மடங்கு. 1937-இலேயே ஒஹையோவின் டேட்டனில் ஓட்டிவிட்டார்கள். ஆனால் காற்றோடு 4 முதல் 75 சதவீதம்வரை கலந்தால் வெடிக்கும். ஹைட்ரஜனை நிரப்பும் முன்னும் வெளியேற்றும்போதும் கார்பன் டையாக்சைடு விட்டுக் கழுவுவார்கள். உன் மேஜை மேல் வேண்டாம் ராசா.

அலைவரிசை_அன்பன்:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். டீக்கடை அடுப்புக்கு வைப்பார்களே, நத்தை ஓடு மாதிரி புளோயர், அதில் ஒன்று வாங்கினேன். அளந்தால் 27 மில்லிமீட்டர்! குங்குமத் தண்ணீர் டியூபில் குதித்தது. புது வால்வு போட்டேன். காற்று வந்தால் மட்டும் ஹீட்டர் எரியும்படி ஒரு ஏர் சுவிட்ச், அணைத்த பிறகு ஐந்து நிமிடம் புளோயர் ஓட ஒரு டைமர். அறை 33 டிகிரி, சிம்னி வாயில் முழு பவரில் 93. ஐயா சொன்ன கணக்கோடு ஒத்துப்போகிறது.

ஒரே பிரச்சினை, சத்தம். 'கிரைண்டரை எப்ப நிறுத்துவீங்க' என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். புளோயரைப் பால்கனிக்கு மாற்றி மூன்று மீட்டர் ஹோஸ் வழியாகக் காற்றைக் கொண்டுவந்தேன். இப்போது 22 தான் வருகிறது.

பழைய_டிரான்ஸ்மிட்டர்:

ஹோஸ் உள்ளே வரிவரியாக இருக்கிறதா? வழவழப்பான பிவிசி பைப் போடுங்கள், வளைவுகளைக் குறையுங்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திரும்பக் கிடைக்கும். பால்கனி என்றால் தூசி வரும், வடிகட்டித் துணி போட்டால் இன்னும் குறையும். அதனால் அந்தக் குங்குமக் குழாயைக் கழற்றாமல் சுவரிலேயே மாட்டிவிடுங்கள். 21-க்குக் கீழே போனால் பவரைக் குறையுங்கள், துணியை அலசுங்கள்.

அலைவரிசை_அன்பன்:

மாட்டிவிட்டேன் ஐயா. பைப்பும் மாற்றினேன், 24 ஆகிவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டு மேஸ்திரி இன்று வந்து டியூபைக் கேட்டார். வெட்டி எடுத்ததையும் உள்ளே சிவந்திருப்பதையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. புது டியூப் பத்து மீட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.